எட்டு வயதுச் சிறுமிக்கு வயிற்றுவலி, ‘ஹெச். பைலோரி பாசிட்டிவ்’: மருந்தைத் தொடங்கலாமா?

கேள்வியின் சுருக்கம்: மகளுக்கு எட்டு வயது. சில மாதங்களாகத் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்கிறாள். பள்ளி நாட்களில் காலை வேளையில் வலி அதிகம், ஞாயிற்றுக்கிழமைகளில் குறைவு. இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. எடை 24 கிலோ, ஓராண்டில் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. ஹீமோகுளோபின் 11.8. ரத்தப் பரிசோதனையில் ‘ஹெச். பைலோரி ஐஜிஜி பாசிட்டிவ்’ என்று வந்ததால், இரண்டு ஆன்டிபயாடிக்குகளும் ஓர் அமிலக் குறைப்பு மருந்தும் 14 நாட்களுக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். இன்னும் தொடங்கவில்லை. கணவருக்கு முன்பு அல்சர் இருந்தது. வீட்டில் இரண்டு வயதுத் தம்பியும் பாட்டியும் உண்டு. மருந்தைக் கொடுக்கலாமா, புற்றுநோய் வருமா, வீட்டில் எல்லோரையும் சோதிக்க வேண்டுமா என்று அந்தத் தாய் கேட்கிறார்.

பதில்:

நீங்கள் எழுதியிருப்பதில் இன்றே தொடங்கியாக வேண்டும் என்று அவசரப்படுத்தும் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கீழே சொல்லப்போகும் அபாய அறிகுறிகள் இல்லையென்றால், சில வாரங்கள் பொறுத்து யோசிப்பதால் உங்கள் மகளுக்குக் கெடுதல் வராது. எழுதித் தந்த மருத்துவரிடமே திரும்பப் போய், “இந்தக் கிருமி இப்போது இருக்கிறதா என்பது எப்படி உறுதியானது? இதனால்தான் வலி என்று எதை வைத்துச் சொல்கிறோம்?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. குழந்தைகளின் வயிறு, குடல் நோய்களைப் பார்க்கும் எங்களிடம் இதே அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பெற்றோர் ஏராளம். அவர்களில் பெரும்பாலோரின் குழந்தைக்கு வலியும் உண்மை, கிருமியும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்பதற்குத்தான் ஆதாரம் இருக்காது.

ஹெலிகோபாக்டர் பைலோரி (சுருக்கமாக ஹெச். பைலோரி) என்பது இரைப்பையின் சளிப்படலத்துக்குள் வாழும் சுருள் வடிவ பாக்டீரியா. இரைப்பை அமிலத்தில் மற்ற கிருமிகள் மாண்டுபோக, இது யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. அந்த அம்மோனியா தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துவிடுவதால் பிழைத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் நிபுணர் ராபின் வாரன் 1979-இல் இதை நுண்ணோக்கியில் கவனித்தார். 1982-இல் அவரும் பாரி மார்ஷலும் இதை வளர்த்தெடுத்தார்கள். ஈஸ்டர் விடுமுறையில் ஆய்வகத் தட்டுகளை வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் வைத்திருந்ததால்தான் அது வளர்ந்தது. 1984-இல் மார்ஷல் இந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டல், வாந்தி, வாய்நாற்றம். எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு விவரத்தை விட்டுவிடுவார்கள்: அவருக்கு அழற்சி வந்ததே தவிர, புண் வரவில்லை.

உங்கள் கேள்விக்கு அந்த விவரம்தான் முக்கியம். கிருமி தொற்றிய எல்லோருக்கும் இரைப்பையில் ஓரளவு அழற்சி இருக்கும். பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் தராது. சிலருக்கு மட்டும் புண்ணாகிறது, அதுவும் குழந்தைகளைவிடப் பெரியவர்களிடம்தான் அதிகம். உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இதைச் சுமந்திருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இருக்கிறது. அவர்களில் மிகப் பலருக்கு இது சிறுவயதிலேயே, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தொற்றியது. 1991-இல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள் கண்டெடுக்கப்பட்ட 5,300 ஆண்டுப் பழைய மனித உடலின் இரைப்பையிலும் இந்தக் கிருமியின் மரபணு கிடைத்தது. அந்த வகை இன்றைய ஐரோப்பிய வகையைவிட நம் தெற்காசியப் பகுதியில் காணப்படும் வகைக்கே நெருக்கமாக இருந்தது என்பது வேடிக்கை.

ஆக, நம் ஊரில் வயிறு வலிக்காத குழந்தைகளைப் பிடித்துச் சோதித்தாலும் கணிசமானோருக்குப் பாசிட்டிவ் என்றுதான் வரும். தொடர் வயிற்றுவலியுள்ள குழந்தைகளையும் வலியில்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, புண் இல்லாத நிலையில் இந்தக் கிருமிக்கும் வலிக்கும் நம்பத்தகுந்த தொடர்பு தெரியவில்லை. அதனால்தான் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடலியல் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், செயல்பாட்டு வயிற்றுவலி (வேறு நோய் எதுவும் தென்படாமல் வரும் தொடர் வலி) உள்ள குழந்தைகளுக்கு இந்தக் கிருமியைத் தேடும் பரிசோதனையே வேண்டாம் என்கிறது. பெரியவர்களுக்கு ‘சோதி, இருந்தால் அழி’ என்று ஒரு நடைமுறை உண்டு. அதைக் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்தக்கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் வெளிப்படையாகச் சொல்கிறது.

இனி அந்த அறிக்கை. ஐஜிஜி என்பது கிருமி அல்ல, கிருமியைப் பார்த்த உடல் தயாரித்த எதிர்ப்பொருள். கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டுப்போட்டவர் விரலில் இருக்கும் மை, அவர் வாக்குச்சாவடிக்குப் போய் வந்தார் என்று காட்டுமே தவிர, இப்போதும் உள்ளே நிற்கிறார் என்று காட்டாது அல்லவா? அவ்வளவுதான் இதுவும். தவிர, சிறு குழந்தைகளிடம் தொற்று இருந்தும் எதிர்ப்பொருள் அளவு போதாமல் நெகட்டிவ் என்று வருவதும் உண்டு. ஐஜிஏ, ஐஜிஎம் என்று வேறு வகை எதிர்ப்பொருள்களையும் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு செய்வதாலும் இந்தக் குறை நீங்காது. ஆகவே ரத்தத்திலோ சிறுநீரிலோ உமிழ்நீரிலோ எதிர்ப்பொருள் பார்த்துக் குழந்தைக்கு மருந்து தொடங்கக்கூடாது என்பதில் வழிகாட்டுதல்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனாலும் ஆய்வகங்களின் ‘வயிற்றுப் பேக்கேஜ்’ பட்டியலில் இது தொடர்ந்து விற்பனையாகிறது. ஒரு சொட்டு ரத்தத்தில் சில நிமிடங்களில் முடிவு கிடைத்துவிடும், விலையும் குறைவு. பெற்றோருக்கும் ஒரு பெயர் கிடைத்த நிம்மதி.

கிருமி இப்போது இருக்கிறதா என்று காட்டும் பரிசோதனைகள் வேறு. மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் சோதனை ஒன்று. கார்பன்-13 கலந்த யூரியாவைக் குடிக்கவைத்து, மூச்சுக்காற்றில் அந்தக் கார்பன் வருகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. யூரியேஸ் நொதி இருந்தால்தான் யூரியா உடைந்து மூச்சில் வரும். இதே சோதனையை கார்பன்-14 கொண்டும் சில இடங்களில் செய்கிறார்கள். அதில் கதிரியக்கம் இருக்கிறது, அளவு மிகச் சிறியது என்றாலும் குழந்தைகளுக்குக் கார்பன்-13 இருக்க அதைத் தேட வேண்டாம். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களிடம் மூச்சுப் பரிசோதனையின் நம்பகத்தன்மை கொஞ்சம் குறையும். எந்தச் சோதனையானாலும் அதற்கு முன் நான்கு வாரங்கள் ஆன்டிபயாடிக்கும், இரண்டு வாரங்கள் ஒமெப்ரசோல் வகை அமிலக் குறைப்பு மருந்தும் எடுத்திருக்கக்கூடாது. எடுத்திருந்தால் கிருமி பதுங்கிக்கொண்டு நெகட்டிவ் என்று ஏமாற்றும். இவ்வளவு சொல்லிவிட்டேன் என்பதற்காக உடனே மலப்பரிசோதனைக்கு ஓட வேண்டாம். முடிவு பாசிட்டிவ் என்றாலும் நெகட்டிவ் என்றாலும் அடுத்து செய்யப்போவது மாறாது எனில், அந்தச் சோதனை பயனற்றது.

இந்த வலி எப்போது கவலைக்குரியது? இரவில் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. எடை குறைவது, அல்லது உயரம் நின்றுபோவது. ரத்த வாந்தி, தார்போல் கருத்த மலம், மலத்தில் ரத்தம். பச்சை நிற வாந்தி. விழுங்கும்போது வலி அல்லது அடைப்பு. காரணம் தெரியாத காய்ச்சல், மூட்டுவலி, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், ஆசனவாயில் வெடிப்பும் சீழும். வலது மேல்வயிற்றிலோ வலது அடிவயிற்றிலோ ஓரிடத்தில் நிலையாக நிற்கும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் நேரில் காட்ட வேண்டும். ரத்த வாந்தியோ பச்சை வாந்தியோ என்றால் அன்றைக்கே, எந்த நேரமானாலும். ஒரு சிறு எச்சரிக்கை: இரும்புச்சத்து சிரப் குடிக்கும் குழந்தைக்கும் மலம் கருப்பாகத்தான் போகும். அதைப் பார்த்துக் கலங்கி நள்ளிரவில் ஓடி வருவோர் உண்டு.

உங்கள் மகளிடம் இவை எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. எடை கூடியிருக்கிறது. இந்த வயதில் ஆண்டுக்கு இரண்டு முதல் மூன்று கிலோ கூடினால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் ஐந்து முதல் பதினொரு வயதுவரை ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. எனவே 11.8 சோகை ஆகாது. வலி தொப்புளைச் சுற்றி இருப்பதும் ஆறுதலான விஷயம். ஜான் ஏப்ளி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1950-களில் பிரிஸ்டல் நகரப் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தொடர் வயிற்றுவலி இருப்பதைக் கண்டார். தொப்புளைவிட்டு வலி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்று அவர் சொன்னதை இன்றும் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். இதற்கு விதிவிலக்குகள் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

கணவரின் அல்சர் மட்டும் என்னை நிறுத்தி யோசிக்கவைக்கிறது. நேரடி ரத்த உறவில் இரைப்பைப் புண் இருந்தால் குழந்தைகளிடம் அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்வோம். ஆனால் அவருக்கு எண்டோஸ்கோபியில் புண் பார்க்கப்பட்டதா, அல்லது நெஞ்செரிச்சலைக் கேட்டுவிட்டு வாயால் சொல்லப்பட்டதா என்று பழைய சீட்டைத் தேடிப் பாருங்கள். முன்சிறுகுடலில் புண் என்று எழுத்தில் இருந்தால், அந்த அறிக்கையை மகளின் மருத்துவரிடம் காட்டுங்கள். மகளின் வலி மேல்வயிற்றுக்கு நகர்ந்தாலோ, இரவில் எழுப்பினாலோ, எண்டோஸ்கோபி செய்யும் முடிவுக்கு நாங்கள் மற்றக் குழந்தைகளைவிட இவள் விஷயத்தில் சீக்கிரமே வருவோம்.

சரி, கிருமி இல்லையென்றால் வலி எதனால்? நீங்கள் எழுதியதில் எனக்குக் கண்ணில் பட்டது காலை நேரமும் பள்ளி நாளும். அவள் கடைசியாக எப்போது மலம் கழித்தாள், எப்படிப் போனாள் என்று ஒரு வரிகூட உங்கள் கேள்வியில் இல்லை. அது உங்கள் குறை அல்ல. எட்டு வயதுக்குப் பிறகு பிள்ளை கழிவறைக்குள் என்ன செய்கிறாள் என்று எந்தத் தாயும் பார்ப்பதில்லை. ஆனால் என் அனுபவத்தில் இந்த வயதின் தொப்புள் வலிக்கு மிகச் சாதாரணமான காரணம் மலச்சிக்கல்தான். ‘தினமும் போகிறாளே’ என்பது பதில் ஆகாது. தினமும் கொஞ்சம் போய், மீதியை உள்ளேயே சேர்த்துவைக்கும் குழந்தைகள் நிறைய. கெட்டியாக, உருண்டை உருண்டையாக அல்லது மிகப் பருமனாகப் போகிறதா? போகும்போது முக்குகிறாளா? உள்ளாடையில் கறை படிகிறதா? வயிறு முட்டிக்கொண்டு இருப்பதால் இரண்டு இட்லியில் திகட்டுகிறதா? குடல் நிறைந்திருக்கும் குழந்தைக்குப் பசி எடுக்காது. அதைத்தான் வீட்டில் ‘சாப்பாட்டைக் கண்டாலே ஓடுகிறாள்’ என்கிறோம்.

இதற்கான விதை பெரும்பாலும் நேர அட்டவணையில் இருக்கிறது. விடிந்தும் விடியாததுமாகப் பள்ளி வேன். ஆறரைக்கு எழுப்பி, பாலைக் குடிக்கவைத்து, சீருடை மாட்டி, பின்னலிட்டு அனுப்புவதற்குள் கழிவறையில் உட்கார நேரம் ஏது? பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இருக்காது, நாற்றம் தாங்காது. பெண் குழந்தைகள் அங்கே போவதைத் தவிர்க்கவே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். நீங்கள் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மாலையில் பாதிகூடக் குறையாமல் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். எந்த ஆய்வகமும் தராத தகவல் அது.

மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து இது மலச்சிக்கல்தான் என்று உறுதிசெய்தால், வைத்தியம் எளிது, ஆனால் நீளமானது. முதலில் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். பிறகு மலத்தை இளக்கும் பாலிஎதிலீன் கிளைகால் அல்லது லாக்டுலோஸ் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்து, மெல்லக் குறைக்க வேண்டும். ஒரு வாரம் கொடுத்து நன்றாகப் போனதும் நிறுத்திவிடுவதுதான் எல்லா வீடுகளிலும் நடக்கும் தவறு. விரிந்துபோன குடல் சுருங்கிப் பழைய உணர்வைப் பெற மாதங்கள் ஆகும். இந்த மருந்துகளுக்குக் குடல் அடிமையாகிவிடும் என்ற பயம் தேவையில்லை. உணவு உள்ளே போனதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். அந்த நேரத்தைப் பயன்படுத்தி, காலை உணவுக்கோ இரவு உணவுக்கோ பிறகு ஐந்து முதல் பத்து நிமிடங்கள் உட்காரவையுங்கள். இந்தியக் கழிப்பறை என்றால் மிக நல்லது. மேற்கத்தியக் கழிப்பறை என்றால் கால் தொங்காமல் கீழே ஒரு முக்காலி போடுங்கள். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தோலுடன் பயறு என்று நார்ச்சத்தைச் சேருங்கள். ஆனால் ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கும் குடலில் நார்ச்சத்தைத் திணிப்பதால் மட்டும் அடைப்பு நீங்காது.

மலச்சிக்கலும் இல்லை, பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்றால், மீதமிருப்பது செயல்பாட்டு வயிற்றுவலி. மாதத்துக்கு நான்கு முறையாவது, இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் வலி இருந்து, தகுந்த ஆய்வுக்குப் பின்னும் வேறு நோய் கிடைக்காதபோது அப்படிச் சொல்கிறோம். தயவுசெய்து இதை ‘நடிக்கிறாள்’, ‘பள்ளிக்குப் போகாமல் இருக்கச் சாக்கு’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குடலுக்கென்று பெரிய நரம்பு வலைப்பின்னல் இருக்கிறது. மூளையோடு அது ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. சாதாரணக் குடல் அசைவையே சில குழந்தைகளின் நரம்புகள் வலியாக அறிவிக்கின்றன. வலி நிஜம். தேர்வு, ஆசிரியரின் கோபம், வேனில் சீண்டும் பையன், வீட்டில் நடக்கும் சண்டை எல்லாம் அந்த வலியின் அளவைக் கூட்டும். வலித்தாலும் பள்ளிக்குப் போவது, மணிக்கொருமுறை ‘வலிக்கிறதா?’ என்று கேட்காமல் இருப்பது, வலி வந்த நாளில் கைப்பேசியும் தின்பண்டமும் தராமல் இருப்பது ஆகியவை சேர்ந்து செய்யும் வேலையை மருந்துகள் செய்வதில்லை. பள்ளியில் அவளை யாரேனும் துன்புறுத்துகிறார்களா என்று ஒருமுறை அமைதியாக விசாரித்துவிடுங்கள்.

வேறு சிலவற்றையும் பார்த்துவிடலாம். காய்ச்சலுக்கு என்று மெஃபெனமிக் அமிலமோ ஐபுப்ரோஃபெனோ அடிக்கடி கொடுத்தீர்களா? வெறும் வயிற்றில் இவை இரைப்பையைப் புண்ணாக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். பால் குடித்தபின் வயிறு உப்பி, இரைந்து, தண்ணீராகப் போகிறதென்றால் லாக்டோஸ் ஒவ்வாமல் இருக்கலாம். பாலை மட்டும் இரண்டு வாரங்கள் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பூச்சி மருந்து பள்ளியில் ஆண்டுக்கு இருமுறை தருகிறார்கள். அதை வாங்கிக்கொண்டாளா என்று கேளுங்கள். ஆனால் எல்லா வயிற்றுவலிக்கும் பூச்சிதான் காரணம் என்று மாதாமாதம் ஊற்ற வேண்டாம். ஓமத்தண்ணீரும் சீரகத் தண்ணீரும் சிறிது இதம் தந்தால் குடிக்கட்டும். அவை எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. தொக்கம் எடுப்பதற்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள். தினமும் சாப்பிடும் குழந்தையின் தொண்டையில் மாதக்கணக்காகச் சோறு சிக்கியிருக்க முடியாது. அங்கே ஊதுவதும் உறிஞ்சுவதும் வயிற்றை அழுத்திப் பிசைவதும் புதிய நோயைக் கொண்டுவரலாம்.

இவ்வளவும் சொன்னதால் இந்தக் கிருமி ஒன்றும் செய்யாத சாது என்று நினைத்துவிட வேண்டாம். அபாய அறிகுறிகளுக்காக எண்டோஸ்கோபி செய்து புண் கண்டுபிடித்தால், கிருமியை அழித்தே ஆக வேண்டும். அழித்தால் புண் திரும்ப வருவது பெருமளவு நின்றுவிடும். இரும்புச்சத்து மருந்து ஒழுங்காகக் கொடுத்தும், மற்றக் காரணங்களை விலக்கிய பின்னும் ரத்தசோகை திரும்பத் திரும்ப வரும் குழந்தையிடம் இதைத் தேட வேண்டும். ரத்தத் தட்டணுக்கள் நீண்டகாலம் குறைந்திருக்கும் ஐடிபி நோயிலும் தேடுவோம். பிள்ளை உயரம் வளரவில்லை என்பதற்காகத் தேட மாட்டோம்.

குழந்தைக்கு எண்டோஸ்கோபி என்றதும் வீடே அழும். சில மணி நேரப் பட்டினி, மயக்க மருந்து, மெல்லிய குழாய், சிறிது நேரத்தில் முடிந்துவிடும் ஆய்வு, பெரும்பாலும் அன்று மாலையே வீடு. கிருமி இருக்கும் குழந்தைகளின் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சிறுசிறு முடிச்சுகள் பரவியிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் பார்த்த அளவில் முடிவு செய்யாமல் பல இடங்களில் துணுக்குகள் எடுக்க வேண்டும். சில நுண்ணோக்கிக்கு. ஒன்று யூரியேஸ் சோதனைக்கு, கிருமி இருந்தால் மஞ்சள் நிறம் சிவக்கும். வசதி உள்ள இடமானால் ஒன்று, எந்த ஆன்டிபயாடிக்குக் கிருமி பணியும் என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு. இந்தக் கடைசிச் சோதனை நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. அது கிடைக்காததன் விலை நாம் நினைப்பதைவிடப் பெரிது.

ஏனென்றால் இந்தக் கிருமியைக் கொல்ல நமக்கு இருக்கும் ஆயுதங்கள் மிகச் சில: அமோக்சிசிலின், கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல், பிஸ்மத், இவற்றோடு அமிலத்தைக் குறைக்கும் ஒரு மருந்து. எட்டு வயதுக்கு மேல் டெட்ராசைக்கிளினும் சேரும். அதற்குக் கீழே கொடுத்தால் பற்களில் நிரந்தரக் கறை படியும் என்பதால் தவிர்க்கிறோம். நம் ஊரில் என்ன நடக்கிறது? சளிக்கும் தொண்டை வலிக்கும் மருந்துக்கடையிலேயே மூன்று நாள் அசித்ரோமைசின். அது கிளாரித்ரோமைசினின் உறவுக்கார மருந்து. ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதற்கும் பணியாது. வயிற்றுப்போக்கு என்றால் மெட்ரோனிடசோல் கலந்த சிரப். இப்படி, சளிக்கும் பேதிக்கும் கொடுத்த மருந்துகளாலேயே இரைப்பைக் கிருமி பயிற்சி பெற்றுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் காரணமில்லாமல் ஒரு முறை கொடுத்துப் பார்ப்போம் என்பதற்கு நான் எதிர்ப்பு. பின்னால் ஒருநாள் உண்மையிலேயே புண் வந்து தேவைப்படும்போது, அதே குழந்தைக்கு அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

தகுந்த காரணத்துடன் சிகிச்சை தொடங்குவதானால், 14 நாட்கள் முழுமையாக. அளவுகள் எடைக்கு ஏற்ப மருத்துவர் கணக்கிடுவார். அமிலக் குறைப்பு மருந்தைச் சாப்பாட்டுக்குச் சுமார் அரைமணி முன்பு கொடுக்க வேண்டும். அதிலுள்ள சிறுமணிகளை நசுக்கக்கூடாது. மெட்ரோனிடசோலும் கிளாரித்ரோமைசினும் வாயில் உலோகம் கடித்ததுபோல் கசப்பை விடும். இதனால்தான் பாதி வீடுகளில் ஐந்தாம் நாள் மருந்து நிற்கிறது. மெட்ரோனிடசோலால் சிறுநீர் பழுப்பாகலாம். பிஸ்மத்தால் மலம் கருக்கும். லேசான பேதி வரலாம். பென்சிலின் ஒவ்வாமை உண்டெனில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலி போய்விட்டது என்பதால் கிருமியும் போய்விட்டது என்று பொருளல்ல. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரங்கள் கழித்து, மூச்சு அல்லது மல ஆன்டிஜென் பரிசோதனையில் உறுதிசெய்ய வேண்டும். இந்த உறுதிச் சோதனைக்கு ரத்த ஐஜிஜி பார்ப்பது வீண். முன்னே சொன்ன காரணம்தான்.

புற்றுநோய் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை முதல் வகைப் புற்றுக்காரணியாக அறிவித்தது உண்மை. ஆனால் அந்தப் பாதை பல பத்தாண்டுகள் நீளமானது. தொற்று உள்ளவர்களில் மிகச் சிலரே அதன் முடிவுவரை போகிறார்கள். குழந்தைப் பருவத்தில் அது வருவது அரிதிலும் அரிது. இந்தியாவில் தொற்று இவ்வளவு அதிகமாக இருந்தும் இரைப்பைப் புற்று ஒப்பீட்டளவில் குறைவு. நாட்டுக்குள் மிசோரமில் மிக அதிகம். பெருநகரங்களில் சென்னையில் சற்று அதிகம். கிருமியோடு உணவு, புகையிலை, உப்பு, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. ஜப்பானில் இந்தப் புற்று அதிகம் என்பதால் சாகா மாகாணத்தில் 2016 முதல் நடுநிலைப்பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களைச் சோதித்து மருந்து தருகிறார்கள். அங்கே அதற்கு நியாயம் இருக்கலாம். மறுதொற்று அதிகமுள்ள நம் ஊரில் எட்டு வயதில் அழித்தாலும் மீண்டும் தொற்ற வாய்ப்பு உண்டு. உங்கள் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவர் யாருக்கேனும் இரைப்பைப் புற்று இருந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போது பேச்சு மாறும்.

வீட்டில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சோதிக்க வேண்டாம். முதலில் பார்க்கவேண்டியவர் உங்கள் கணவர். அவருக்கு நிஜமாகவே புண் இருந்திருந்தால், கிருமிக்குச் சோதனை செய்தார்களா, மருந்து தந்த பிறகு அழிந்ததா என்று உறுதிசெய்தார்களா? பெரும்பாலும் அமிலக் குறைப்பு மாத்திரையோடு கதை முடிந்திருக்கும். மகளின் மருந்துக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு மூச்சுப் பரிசோதனை தேவைப்படுபவர் அவராக இருக்கலாம். வலி மாத்திரையோ இதயத்துக்கான ஆஸ்பிரினோ தினமும் எடுப்பவராக இருந்தால் இன்னும் அவசியம்.

மகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்க வேண்டாம். அவளுக்கு அதனால் நன்மையில்லை, மனம்தான் நோகும். கவனம் வேண்டியது இரண்டு வயதுத் தம்பி விஷயத்தில். இந்தக் கிருமி பெரும்பாலும் தொற்றும் வயது அதுதான். எச்சில் வழியாகவும், வாந்தி வழியாகவும், மலம் பட்ட கை வழியாகவும், சில இடங்களில் குடிநீர் வழியாகவும் பரவுவதாகத் தெரிகிறது. அவனைச் சோதிக்கவும் வேண்டாம், மருந்து கொடுக்கவும் வேண்டாம். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவையுங்கள். அவனுடைய மலத்தைக் கழுவிய கையையும், சமைக்கப்போகும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டி மடியில் வைத்து ஊட்டுவது தொடரட்டும். முறுக்கையோ கறித்துண்டையோ தன் வாயில் மென்று அவன் வாயில் வைப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், ஊட்டும் கரண்டியைத் தன் வாயில் வைத்துச் சூடு பார்ப்பதையும்தான். மருமகள் சொன்னால் கேட்கமாட்டார் என்றால், மருத்துவர் சொன்னார் என்று என் பெயரில் சொல்லிவிடுங்கள்.